முழங்கை அறுவைக்கு இன்னும் மூன்று வாரம்: கருப்பனையும் வீட்டையும் தயார் செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் லாப்ரடார் கருப்பனுக்கு ஒன்பது மாதம், எடை 28 கிலோ. இரண்டு மாதமாகத் தூங்கி எழுந்ததும் வலது முன்னங்காலை நொண்டுகிறான். கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். வளரும் பிள்ளைக்கு வரும் வலி என்று விட்டுவிட்டோம். இப்போது சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு, இரண்டு முழங்கையிலும் எல்போ டிஸ்பிளேசியா (முழங்கை மூட்டு சரியாக அமையாத கோளாறு) இருக்கிறது, வலதில் எலும்புத் துண்டு பிளந்திருக்கிறது, இடதில் ஆரம்பநிலை என்கிறார்கள். மூன்று வாரத்தில் ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் மூட்டு அறுவை. தினமும் பந்து எறிந்து ஓடவிட்டது நான்தான், அதனால்தான் வந்ததா? சத்து மாத்திரை கொடுத்து அறுவையைத் தவிர்க்க முடியாதா? மயக்க மருந்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு நிமிடம் சும்மா இருக்காதவனை மாதக்கணக்கில் எப்படிக் கட்டிப்போடுவது? பிற்பாடு அவனை இனவிருத்திக்கு விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

பந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இது பந்தால் வந்த நோய் இல்லை. முழங்கையில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. மேலிருந்து ஹியூமரஸ் இறங்குகிறது. கீழே ரேடியஸும் அல்னாவும் அதைத் தாங்குகின்றன. குட்டி வளரும்போது கீழே உள்ள இரண்டும் ஒரே வேகத்தில் நீள வேண்டும். ஒன்று ஓரிரு மில்லிமீட்டர் பின்தங்கினாலும் மூட்டுக்குள் படிக்கட்டு போல ஒரு மேடு உண்டாகிவிடும். ரேடியஸ் குட்டையாகிப் போனால், அது சுமக்க வேண்டிய பாரம் அல்னாவின் உள்பக்க விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கரோனாய்டு என்ற சின்ன முனையின் மேல் விழுகிறது. நாய் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. அந்தச் சின்ன முனை எவ்வளவு நாள் தாங்கும்? முதலில் உள்ளுக்குள் நுண்ணிய விரிசல் விடுகிறது, பிறகு பிளக்கிறது. கருப்பனுக்கு வலது காலில் நடந்திருப்பது இதுதான்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர், பெர்னீஸ் மவுண்டன் டாக் போன்ற இனங்களில் இது பரம்பரையாக வருகிறது. ஒரே ஒரு மரபணுவின் வேலை இல்லை. பல சேர்ந்து செய்கின்றன. அதோடு, குட்டியை அளவுக்கு மீறி ஊட்டி வேகமாக வளரவிடுவதும், கால்சியம் மாத்திரை கொடுப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்குக் கால்சியம் போதும் என்று கதவை மூடத் தெரியாது. வந்ததை எல்லாம் உள்ளே விட்டுவிடும். ஓடிப் பிடித்துத் திடீரென்று நிற்கும் விளையாட்டு, ஏற்கெனவே பலவீனமான முனையில் வலியைக் கூட்டியிருக்கலாம். அவ்வளவுதான் பந்தின் பங்கு. இன்றோடு பந்தை எடுத்துப் பரணில் போட்டுவிடுங்கள், கூடவே குற்ற உணர்ச்சியையும்.

நொண்டலைத் தாமதமாகக் கவனித்ததாகச் சொல்கிறீர்கள். இரண்டு முழங்கையும் பாதிக்கப்பட்ட நாயிடம் இது சகஜம். ஒரு கால் மட்டும் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். யார் பார்த்தாலும் தெரியும். இரண்டும் வலித்தால் தலையாட்டம் மட்டுப்பட்டுவிடும். எட்டு குறுகும், முழங்கைகள் விலாவோடு ஒட்டும், பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பும், நடுவழியில் உட்கார்ந்துவிடும். சோம்பேறி நாய் என்று பட்டம் கொடுத்துவிடுவோம்.

இனி அறுவையா, மாத்திரையா என்ற கேள்வி. எல்போ டிஸ்பிளேசியா என்பது ஒரு தனி நோயின் பெயர் இல்லை; குடும்பப் பெயர். கரோனாய்டு பிளவு அதில் ஒன்று. அல்னாவின் பின்பக்கக் கொக்கியான அன்கோனியல் முனை ஐந்து மாத வயதுக்குள் ஒட்ட வேண்டியது ஒட்டாமல் நிற்பது இன்னொன்று. ஜெர்மன் ஷெப்பர்டில் இதை அதிகம் பார்க்கலாம். ஹியூமரஸின் குருத்தெலும்பு மடலாக உரிவது மூன்றாவது. எலும்புகள் பொருந்தாமல் இருப்பது நான்காவது. பல நேரம் மற்ற மூன்றுக்கும் இதுவே அடிப்படை. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே இன்னொருவர் வீட்டு நாய்க்கு எல்போ டிஸ்பிளேசியா மாத்திரையிலேயே சரியானது என்று கேள்விப்பட்டால், அது எந்த வகை, எந்த வயது என்று தெரியாமல் மனதை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

பிளந்த துண்டு மூட்டுக்குள் கிடப்பது செருப்புக்குள் கல் கிடப்பது மாதிரி. எந்த மாத்திரையும் கல்லை வெளியே எடுக்காது. ஒவ்வொரு அடிக்கும் அது எதிரே உள்ள ஹியூமரஸின் குருத்தெலும்பைச் சுரண்டும், மூட்டுறையை வீங்கவைக்கும். ஒன்பது மாத நாய், உறுதியான பிளவு, தேய்மானம் இன்னும் அதிகமில்லை என்றால் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஏழு வயதில், மூட்டு முழுக்க எலும்பு முளைத்துப் போன நாயாக இருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்போது அறுவையால் கிடைப்பது குறைவு, எடைக் குறைப்பும் வலி மருந்துமே பெரும்பாலும் முன்னால் நிற்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். அறுவை மூட்டைப் புதிதாக்காது. துண்டை எடுப்பதால் வலி குறையும், சுரண்டல் நிற்கும். மூட்டுத் தேய்மானம் மட்டும் மெதுவாகத் தொடரும். இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முளைகள் தெரியத்தான் செய்யும். எக்ஸ்ரேயைப் பார்த்து அறுவை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். நாய் எப்படி நடக்கிறது, எழுகிறது, விளையாடுகிறது என்பதுதான் அளவுகோல். அந்த நடை எவ்வளவு நன்றாக அமையும் என்பது, அறுவை நடக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தைவிட, அதற்கு முந்தைய மூன்று வாரத்திலும் பிந்தைய பன்னிரண்டு வாரத்திலும் நீங்கள் வீட்டில் செய்வதைப் பெரிதும் பொறுத்தது.

ஆர்த்ராஸ்கோப்பியில் முழங்கையின் உள்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த இரண்டு மூன்று துளைகள் போடுவார்கள். ஒன்றில் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமரா, இன்னொன்றில் கருவி. துண்டை எடுத்து, அது இருந்த இடத்தை ரத்தம் கசியும் நல்ல எலும்பு வரை சுரண்டிவிடுவார்கள். அந்தக் கசிவிலிருந்துதான் நாளடைவில் ஒருவகை நார்க் குருத்தெலும்பு படிந்து குழியை மூடும். அசல் குருத்தெலும்புக்கு ஈடாகாது, ஆனாலும் வேலை செய்யும். அது படிய வாரக்கணக்கில் ஆகும். ஓய்வைப் பற்றிப் பின்னால் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒரு வாக்கியம்தான்.

மருத்துவரை அடுத்து பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள், பதிலை எழுதிக்கொள்ளுங்கள். எலும்புகளின் பொருத்தம் எப்படி இருக்கிறது. துண்டை எடுப்பதோடு முடிகிறதா, எலும்புகள் பொருந்துவதற்காக அல்னாவை வெட்டிவிட வேண்டி வருமா? அல்னாவை வெட்டுவது வேறு அளவிலான அறுவை. வெட்டிய எலும்பு கூட வேண்டும், ஆறு முதல் எட்டு வாரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், நொண்டல் அதிக நாள் நீடிக்கும். உள்ளே போன பிறகு முடிவு மாறலாம் என்றால், உங்களைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செய்வார்களா? இடது முழங்கைக்கும் அதே மயக்கத்தில் கேமரா விட்டுப் பார்ப்பார்களா? ஆர்த்ராஸ்கோப்பி மட்டும் என்றால் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது பல இடங்களில் நடக்கிறது. ஒரே மயக்கம், ஒரே ஓய்வுக் காலம். இடதில் கீறல்தான் இருக்கிறது, துண்டு இல்லை என்றால் காத்திருக்கலாம் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

மயக்க மருந்து பயம் எல்லாருக்கும் உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ 98,000 நாய்களைக் கணக்கில் எடுத்து 2008-இல் வெளியான ஆய்வில், நோய்வாய்ப்படாத நாய்களில் மயக்கம் தொடர்பான மரணம் சுமார் 2000-க்கு ஒன்று. பூஜ்யம் இல்லை, ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அளவும் இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மரணங்களில் ஏறத்தாழ பாதி அறுவை மேசையில் இல்லை, முடிந்த பிறகு வரும் முதல் சில மணி நேரத்தில். எனவே எந்த மயக்க மருந்து என்று விசாரிப்பதைவிட, “அவன் கண் விழித்துத் தலை தூக்கும்வரை பக்கத்தில் ஆள் இருப்பார்களா?” என்று கேளுங்கள். ரத்த அணுக்கள், சிறுநீரகம், ஈரல் மூன்றுக்குமான பரிசோதனை முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். முன்பு எப்போதாவது மயக்கம் கொடுத்ததுண்டா, ஏதாவது மருந்து ஒவ்வாமல் போனதா, வலிப்பு வந்ததுண்டா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வலி மாத்திரை விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். மனிதர்களுக்கான ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். ஒரே ஒரு மாத்திரைகூட வேண்டாம். பாராசிட்டமாலையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. நாய்களுக்கான கார்ப்ரோஃபென் என்றால் வழக்கமான அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், 28 கிலோவுக்கு 120 மில்லிகிராமை ஒட்டி வரும். சீட்டில் இதைவிட வெகுவாகக் கூடுதலாக இருந்தால் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். இந்த வகை மருந்து இரண்டைச் சேர்த்தோ, ஸ்டீராய்டோடு சேர்த்தோ கொடுக்கவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் சில நாள் இடைவெளி வேண்டும். எந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று அறுவை செய்பவருக்குத் தேதியோடு தெரிய வேண்டும். கபாபென்டின் என்ற வலி மருந்தைத் திரவமாக வாங்கினால், மனிதர்களுக்கான சில தயாரிப்புகளில் சைலிட்டால் இனிப்பு இருக்கும். அது நாய்க்கு விஷம். லேபிளைப் படியுங்கள், அல்லது கேப்ஸ்யூலாகவே கேளுங்கள்.

சத்து மாத்திரைகளில் மீன் எண்ணெயின் ஒமேகா-3-க்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அளவை மருத்துவர் எடைக்கு ஏற்பச் சொல்வார், கழிச்சல் வந்தால் குறைக்க வேண்டும். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ, டி சேர்ந்துவிடும், மீன் எண்ணெய்க்குப் பதில் அதை வாங்கிவிடாதீர்கள். குளுக்கோசமீன் பெரிய கெடுதல் செய்யாது, பெரிய பலனையும் நான் எதிர்பார்க்க மாட்டேன். கால்சியம் கூடவே கூடாது.

இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டிய வேலைக்கு வருவோம். முதல் வேலை தரை. வழவழப்பான தரையில் முன்கால் வழுக்கிப் பக்கவாட்டில் விரிந்தால், அறுத்த மூட்டுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. அவன் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம், வாசல், வெளியே சிறுநீர், மலம் கழிக்கும் இடம் வரை அடியில் ரப்பர் உள்ள மிதியடிகளை இடைவெளியில்லாமல் விரித்துவிடுங்கள். நடுவில் இரண்டடி தரை தெரிந்தால் அதில்தான் வழுக்குவான். நகங்களை வெட்டுங்கள், பாத மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்த முடியையும் கத்தரியுங்கள். வழுக்குவதற்கு அந்த முடியும் ஒரு காரணம். படிக்கட்டுக்குக் குறுக்கே தடுப்பு வையுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்கைக்குச் சுமை. சோபாவிலிருந்தும் காரிலிருந்தும் குதிப்பது அதைவிட மோசம். காருக்கு ஒரு சாய்பலகை செய்து, அதில் சொரசொரப்பான துணியை ஒட்டி, நடக்க இப்போதே பழக்குங்கள். மயக்கம் தெளியாத நாய்க்குப் புதிதாக எதையும் கற்றுத்தர முடியாது.

கூண்டும் அப்படித்தான். எழுந்து நிற்க, திரும்ப, நான்கு காலையும் நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும். ஓடி வேகம் எடுக்கும் அளவு இருக்கக் கூடாது. கதவைத் திறந்துவைத்து, அவன் உணவை உள்ளே வைத்துத் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்ப் படுப்பான். பிறகு கதவை ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி என்று மூடுங்கள். அறுவை நாளன்று முதன்முறையாகக் கூண்டில் அடைத்தால் அவன் கம்பியைக் கடிப்பான், நீங்கள் மனம் தாங்காமல் திறந்துவிடுவீர்கள். ஓய்வு அன்றோடு முடிந்தது. கழுத்துக் கூம்பையும் தினம் கொஞ்ச நேரம் மாட்டிப் பழக்குங்கள். கூம்போடு கூண்டுக்குள் திரும்ப முடிகிறதா, தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று பாருங்கள்; பாத்திரத்தைக் கொஞ்சம் உயர்த்திவைக்க வேண்டியிருக்கும்.

முதுகில் கைப்பிடி உள்ள மார்புப் பட்டை ஒன்று வாங்குங்கள். முன்னங்கால் அறுவைக்குக் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தூக்குவதும் பின்னங்கால் நோயாளிக்கான முறை. தூக்க வேண்டிய எடை மார்பில் இருக்கிறது. பட்டையின் எந்த வாரும் முழங்கையின் உள்பக்கத்தில், துளைகள் வரப்போகும் இடத்தில் உரசாமல் இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு வேலையைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்: வீடியோ. சமதரையில் பக்கவாட்டிலிருந்து ஒன்று, எதிரே வரும்போது ஒன்று, லீஷில் நடையாகவும் மெல்லோட்டமாகவும் இப்போதே எடுத்து வையுங்கள். அறுவைக்குப் பிறகு மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுங்கள். தினம் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. சந்தேகம் வரும் இரவுகளில் பழைய வீடியோதான் பதில் சொல்லும்.

ஓய்வுக் காலத்துக்கு அமைதிப்படுத்தும் மருந்து வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள். துறுதுறு நாய்களுக்கு டிராசோடோனோ கபாபென்டினோ கொடுப்பது உண்டு. அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அறுவைக்கு முன்பே ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டால், எவ்வளவு தள்ளாடுகிறான், சில நாய்களைப் போல அமைதிக்குப் பதில் பரபரப்பாகிறானா என்பது தெரிந்துவிடும்.

அறுவை நாளன்று எத்தனை மணி நேரப் பட்டினி என்பதை மருத்துவமனை சொல்லும். பொதுவாக உணவு 6 முதல் 12 மணி நேரம் வரை நிறுத்தப்படும், தண்ணீர் அதைவிடக் கிட்டத்தில். யாருக்கும் தெரியாமல் ஒரு பிஸ்கட் தின்றுவிட்டான் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் போவதைவிட, தேதி தள்ளிப்போவது எவ்வளவோ மேல்.

திரும்ப வாங்கும்போது தோளிலிருந்து மணிக்கட்டு வரை முடி மழித்திருக்கும். சலைன் ஏற்றிய இன்னொரு காலிலும் ஒரு பட்டை காணாமல் போயிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. நரம்பு மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், சில மணி நேரம் அந்தப் பாதம் துணி போல மடங்கும். எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை மார்புப் பட்டையை விடாதீர்கள். அன்றிரவு முனகுவான், நடுங்குவான். வலியும் இருக்கலாம், மருந்தின் குழப்பமும் இருக்கலாம். வலி என்றால் நீங்கள் பேசித் தடவினாலும் அடங்காது, படுத்த நிலையை மாற்றிக்கொண்டே இருப்பான்; அப்போது தொலைபேசியில் கேளுங்கள். வழக்கமான உணவில் நான்கில் ஒரு பங்கைக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நாள் மலம் வராவிட்டால் கவலை இல்லை. 24 மணி நேரம் சிறுநீர் வராவிட்டால் கவலைதான்.

அறுவையின்போது மூட்டுக்குள் செலுத்திய திரவம் தோலுக்கடியில் கசிந்து முழங்கை பொதபொதவென்று இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் வடியும், வடியும்போது வீக்கம் மணிக்கட்டுப் பக்கம் இறங்குவதும் உண்டு. முதல் மூன்று நாள் ஐஸ் பையை மெல்லிய துணியில் சுற்றி, 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை குளியல் இல்லை, நக்கவே விடக் கூடாது. “அஞ்சு நிமிஷம்தான் கூம்பைக் கழற்றினேன் டாக்டர்” என்று தையல் பிரிந்த நாயோடு வருபவர்கள் எல்லாரும் சொல்வது.

உடனே கூப்பிட வேண்டிய அறிகுறிகள்: காயத்திலிருந்து சீழோ நாற்றமோ, 39.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒரு தடவைக்கு மேல் வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், வெளுத்த ஈறு, மாத்திரை தொடங்கிய பின் உணவை வெறுத்தல். கடைசி நான்கில் எதைக் கண்டாலும் அடுத்த வேளை வலி மாத்திரையைக் கொடுக்காமல் கூப்பிடுங்கள். இன்னொன்று: ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டால் அது பின்னடைவு இல்லை, புதுப் பிரச்சினை, மூட்டுக்குள் கிருமியாக இருக்கலாம். மறுநாள் பார்ப்போம் என்று விடக் கூடாது.

முதல் இரண்டு வாரம் வெளியே போவது சிறுநீர், மலம் கழிக்க மட்டும். நாளுக்கு நான்கு முறை, ஐந்து நிமிடம், குட்டை லீஷில், சமதரையில். ஆண் நாய் என்பதால் பின்காலைத் தூக்கும்போது எடை முழுவதும் முன்னால் சாயும். சரிவில் நிற்க விடாதீர்கள். இந்த இரண்டு வாரம் சுலபம், ஏனென்றால் அவனுக்கே வலிக்கிறது.

கஷ்டம் மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. வலி போய்விடும், தையலும் போய்விடும், கருப்பன் பழைய கருப்பனாகிவிடுவான். குணமாகிவிட்டான் என்று கதவைத் திறந்துவிடுபவர்கள் இந்த வாரத்தில்தான் அதிகம். உள்ளே அந்தக் குழியை மூடும் நார்க் குருத்தெலும்பு அப்போதுதான் படியத் தொடங்கியிருக்கும்; பசை காயும் முன் இழுத்துப் பார்ப்பது போன்ற வேலை அது. வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒவ்வொரு நடையையும் கூட்டுங்கள். மூன்றாம் வாரம் பத்து நிமிடம், நான்காம் வாரம் கால் மணி என்று போய், ஆறேழு வாரத்தில் அரை மணியைத் தொடலாம். மெதுவாக நடக்க வேண்டும். வேகமாகப் போனால் நோகும் காலை ஏமாற்றி மற்ற மூன்றில் போய்விடுவான், மெதுவாகப் போனால் ஒவ்வொரு காலையும் ஊன்றியாக வேண்டும். மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் நேற்றைய நடை அதிகம் என்று பொருள். இரண்டு நாள் முந்தைய அளவுக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். லீஷ் இல்லாமல் விடுவது பன்னிரண்டு வாரத்துக்கு முன் வேண்டாம். உங்கள் மருத்துவர் தரும் அட்டவணை இதிலிருந்து மாறுபட்டால் அதையே பின்பற்றுங்கள். உள்ளே பார்த்தவர் அவர்.

மூட்டை அசைக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று கேட்டுக்கொண்டு, முறையை ஒருமுறை அவர் முன்னால் செய்து காட்டுங்கள். நல்ல பக்கம் கீழே இருக்கப் படுக்கவைத்து, ஒரு கை முழங்கைக்கு மேலும் ஒரு கை கீழும் வைத்து, தடை தெரியும் வரை மெல்ல மடக்கி ஐந்து நொடி, பிறகு நீட்டி ஐந்து நொடி. பத்து முறை, நாளுக்கு இருமுறை. தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தாலோ உதட்டை நக்கினாலோ எல்லை அதுதான், தாண்டாதீர்கள். தண்ணீருக்குள் நடக்கும் டிரெட்மில் வசதி கிடைத்தால் காயம் ஆறிய பின் மிக நல்லது. குளத்தில் நீந்த விடுவது அதே பலன் தராது. உற்சாகத்தில் முன்கால்களை வெறியோடு அடிப்பான், கரையில் ஏறும்போது வழுக்குவான்.

உடம்பு சும்மா இருக்க வேண்டுமென்றால் மூளைக்கு வேலை வேண்டும். அன்றைய உணவைப் பாத்திரத்தில் போடாதீர்கள். ஒரு பகுதியைச் சுருட்டிய துண்டின் மடிப்புகளில் ஒளித்துவையுங்கள், ஒரு பகுதியை ரப்பர் பொம்மைக்குள் நனைத்து அடைத்து உறையவைத்துக் கொடுங்கள். கையைத் தொடு, தாடையை மடியில் வை, இந்தப் பொருளை மூக்கால் கண்டுபிடி என்று படுத்த இடத்திலேயே செய்யக்கூடிய பாடங்களை ஐந்து ஐந்து நிமிடமாகச் சொல்லிக்கொடுங்கள். மோப்பம் பிடிப்பது நாயை நன்றாகக் களைக்க வைக்கும். நடைக்குக் கூட்டிப் போகும்போது தூரத்தைக் குறைத்து, ஒரே மரத்தடியில் மூன்று நிமிடம் முகர விடுங்கள்.

எல்லாவற்றையும்விட நீண்ட நாள் பலன் தருவது எடை. 48 லாப்ரடார்களை ஆயுள் முழுவதும் தொடர்ந்த ஓர் ஆய்வில், உடன்பிறந்ததைவிட 25 சதவீதம் குறைவாக உண்டவை ஒல்லியாக இருந்தன. அவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதும் தள்ளிப்போனது. எந்த மாத்திரையும் இதைச் செய்வதில்லை. உங்கள் கையையே அளவுகோலாக வையுங்கள். விரல்களை நீட்டி, புறங்கையைத் தடவிப் பாருங்கள். கருப்பனின் விலா அப்படி, எலும்பு எளிதாகத் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் எடை கூடுதல். முஷ்டி மடக்கிய முட்டியைப் போலத் துருத்தினால் குறைவு. ஓய்வு வாரங்களில் உணவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். வளரும் வயது என்பதால் பட்டினி போட வேண்டாம். மெலிய வைப்பது நோக்கமல்ல, கொழுப்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதே. உணவைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுங்கள். பரிசாகக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் காலையில் ஒரே டப்பாவில் நிறுத்துப் போட்டுவிடுங்கள், யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான்.

இடது முழங்கையை மறந்துவிடாதீர்கள். வலதைக் காப்பாற்ற இந்த வாரங்களில் அது கூடுதல் பாரம் சுமக்கும். மாதாந்திர வீடியோவில் தலையாட்டம் பக்கம் மாறியிருந்தால், அதாவது இடது கால் ஊன்றும்போது தலை தூக்கினால், அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் வீடியோவை அனுப்பிவிடுங்கள்.

இனவிருத்திக் கேள்விக்கு என் பதில், கூடாது. அறுவை நன்றாக முடிந்து துள்ளிக் குதித்தாலும் அவன் கடத்தப்போகும் மரபணு அதேதான். முழங்கை எக்ஸ்ரேயை 0 முதல் 3 வரை தரம் பிரித்து, 0 வாங்கிய நாய்களையே இணைசேர்ப்பதுதான் பொறுப்பான வளர்ப்பாளர்களின் வழக்கம். குட்டியை வாங்கிய இடத்துக்கு ஸ்கேன் அறிக்கையின் நகலை அனுப்புங்கள். சண்டைக்காக இல்லை. அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகளுக்கும் இப்போது ஒன்பது மாதம்தான். அவற்றில் எதுவாவது தூங்கி எழுந்ததும் நொண்டிக்கொண்டிருந்தால், அதன் வீட்டாரும் வளரும் வலி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.